ஜூனில் எந்தக் கடல்?

என் அக்காள் மகள் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. முக்குளிப்புச் சான்றிதழ் வாங்கிய அன்றே அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவைத்தாள். மறுநாள் தொலைபேசியில் வந்தாள்.

"மாமா, ஜூன் விடுமுறையில் நானும் அவரும் சிமிலான் போகலாம் என்றிருக்கிறோம். நீங்களும் வருகிறீர்களா?"

"ஜூனில் சிமிலானுக்கு யாரும் போக முடியாதம்மா. பூட்டிவிடுவார்கள்."

"தீவை எப்படி மாமா பூட்டுவார்கள்?"

பூட்டத்தான் செய்கிறார்கள். தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் தேசியப் பூங்கா அக்டோபர் நடுவில் திறந்து மே நடுவில் மூடிவிடுகிறது. இடைப்பட்ட ஐந்து மாதமும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கடைந்தெடுக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றுதான். அந்த நாட்களில் பவளப்பாறைகளுக்கும் மனிதர்களிடமிருந்து ஓய்வு கிடைக்கிறது.

கடலுக்குப் போகும் நண்பர்கள் பெரும்பாலும் மீனிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள்: திமிங்கலச் சுறா எங்கே வரும், மான்டா திருக்கை எங்கே வரும் என்று. நான் நாட்காட்டியிலிருந்து தொடங்குவேன். ஆண்டு விடுப்பை விரல்விட்டு எண்ணுகிறவனுக்கு வேறு வழியில்லை. ஆசிரியைக்கு அந்த விரல்களும் இல்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், ஜூன் மாதம், பிறகு ஆண்டிறுதி, அவ்வளவுதான். நல்லவேளையாக நாம் இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவில் குடியிருக்கிறோம். தென்மேற்குக் காற்று அந்தமானைக் கலக்கும்போது மலாயத் தீபகற்பத்தின் கிழக்குக் கரை முதுகைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும். வடகிழக்குக் காற்று வந்ததும் கிழக்குக் கரை கொந்தளிக்கும், அந்தமான் தெளியும். ஆக ஜூனிலும் செப்டம்பரிலும் கிழக்கே போக வேண்டும், டிசம்பரில் மேற்கே. மார்ச் வாரத்தில் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். அப்போது மேற்குதான் உச்சத்தில் இருக்கும்.

இவ்வளவு சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை. சிமிலான் படங்களைப் பார்த்துப் பார்த்து மனத்தில் நிறைத்து வைத்திருக்கிறாள். சரி, நான் போன நான்கு கடல்களையும் அவளுக்காக எடைபோட்டுப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அவளுக்கு இதுவரை ஆறு முக்குளிப்புதான் ஆகியிருக்கிறது, அதில் நான்கு பயிற்சியில் போனவை. மாப்பிள்ளை முக்குளிக்க மாட்டார். மேலே மிதந்தபடி கண்ணாடி வழியாகப் பார்ப்பார். அதோடு படகில் ஏறினால் அவருக்குக் குமட்டும்.

முதலில் வீட்டு வாசல். சிங்கப்பூர்க் கடலில் மீன் பார்க்கப் போகிறேன் என்றால் அலுவலகத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். புலாவ் ஹந்து என்ற தீவில் நீர், பச்சைப்பயற்றங் கஞ்சியின் நிறத்தில் இருக்கும். பக்கத்திலேயே புக்கோம் தீவின் எண்ணெய் ஆலைப் புகைபோக்கிகள். கண்ணுக்கு இரண்டு மூன்று மீட்டர் தெரிந்தால் அன்று நல்ல நாள். முதல் தடவை போனபோது எனக்கு அந்த இரண்டு மீட்டரும் தெரியவில்லை. என் மீசை மாஸ்க்கின் விளிம்பைத் தூக்கிக் கொடுக்க, சொட்டுச் சொட்டாக உள்ளே நீர் ஏறி மூக்கு வரை வந்துவிட்டது. அன்றிரவே மீசையின் மேல்விளிம்பை ஓர் இழை மழித்தேன். மனைவி ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள்.

ஆனால் ஹந்துவின் அருமை அந்த மங்கலில்தான் இருக்கிறது. தூரத்தில் எதுவும் தெரியாததால் முன்னால் இருப்பதைப் பார்த்தே ஆக வேண்டும். ஒருமுறை வழிகாட்டி சிலிண்டரைத் தட்டி, விரலை கடல் விசிறி என்னும் ஒரு பவளத்தின் பக்கம் நீட்டினார். அரை நிமிடம் வெறித்தேன், ஒன்றும் இல்லை. பிறகு கிளை என்று நினைத்த ஒன்று கண்ணை உருட்டியது. கடல்குதிரை. வால் முழுக்க மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். அந்த வாலைக் கிளையில் ஒன்றரைச் சுற்று சுற்றிக்கொண்டு, நீரோட்டம் இழுக்கும்போதெல்லாம் உடம்பை மட்டும் சாயவிட்டு, தலையை என் பக்கம் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பியது. வயிறு உப்பியிருந்தது. கடல்குதிரையில் கர்ப்பம் சுமப்பது ஆண். என் விரல் நீளம்கூட இல்லாத அந்த அப்பனைப் பார்த்துக்கொண்டே என் காற்றில் கால்வாசியைச் செலவழித்துவிட்டேன்.

ஹந்து என்றால் மலாயில் பேய். அந்தப் பேய்த்தீவில் பேய்க்கணவாய் பார்த்தேன் என்று வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஓடில்லாக் கடல் நத்தைகளுக்கோ கணக்கே இல்லை; ஒவ்வொன்றும் பட்டுப்புடவைக் கரைபோல் ஒரு நிறம். உலகில் உள்ள கடினப் பவள வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 250க்கும் மேற்பட்ட வகைகள், இந்தச் சின்ன நாட்டின் கடலில் பதிவாகியிருக்கின்றன. பாறைத்திட்டுகளில் பெரும்பகுதியை நிலமாக நிரப்பிய பிறகும் மிஞ்சியிருப்பவை இவை. ஆளுயரக் கிண்ணம்போல் வளரும் நெப்டியூன் கிண்ணம் என்ற கடற்பஞ்சை உலகத்திலிருந்தே அழிந்துவிட்டதாக எழுதி மூடியிருந்தார்கள். 2011இல் இங்கேயே அது மறுபடி கிடைத்தது. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி நாட்டின் முதல் கடல் பூங்காவைத் தேசியப் பூங்காக் கழகம் அறிவித்தது. அதன் பெரிய தீவு சீரமைப்பு முடிந்து 2024 அக்டோபரில் மறுபடி திறந்தது. முக்குளிக்காதவர்களும் அங்கே ஒரு நாள் போய்வரலாம்.

ஏப்ரல் பௌர்ணமி கழிந்த மூன்றாம், நான்காம், ஐந்தாம் இரவுகளில் இந்தப் பவளங்கள் கூட்டமாக முட்டைகளை வெளிவிடும். பங்குனி உத்திரமோ சித்திரைப் பௌர்ணமியோ, எந்த நிலா அந்த மாதத்தில் விழுகிறதோ அதற்குப் பின்வரும் இரவுகள். நான் இன்னும் பார்த்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில்தான் எனக்கு அலுவலக வேலை குவிகிறது.

குறை என்னவென்றால் நீரோட்டம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் நீர் சற்று நிற்கும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். தவறினால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொடிபோல் பறக்க வேண்டியதுதான். செலவு, படகோடும் இரண்டு முக்குளிப்போடும் நூறு வெள்ளியைத் தாண்டும். காலையில் போனால் மாலைத் தேநீருக்கு வீடு. ஆனால் இதை விடுமுறை என்று மாப்பிள்ளையிடம் சொல்லி ஒப்பேற்ற முடியாது.

இனி அவள் ஆசைப்பட்ட சிமிலான். இந்தப் பெயர் நம் காதில் பழகிய சொல்தான்: மலாயின் செம்பிலான், ஒன்பது. ஒன்பது தீவுகளுக்கும் தெற்கிலிருந்து வடக்காக எண் போட்டிருக்கிறார்கள். 1982இல் தேசியப் பூங்காவானது. பிறகு வடக்கே இருக்கும் போன், தாச்சாய் தீவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தென்கோடியில் இருக்கும் முதல் தீவில் ஆமைகள் முட்டையிடுகின்றன, அதனால் பயணிகளுக்கு அங்கே இடமில்லை.

இந்தத் தீவுகளுக்கு இரண்டு முகம் உண்டு. கிழக்கே வெண்மணலும், மெல்லச் சரியும் பவளத்தோட்டமும். மேற்கே வீடு வீடாக உருட்டிவிட்டதுபோல் கருங்கற் பாறைகள், அவற்றுக்கு இடையே சந்துகள், குடைவுகள், அவற்றின் கூரையிலிருந்து தொங்கும் ஊதா நிற மென்பவளங்கள். இப்படி இருவேறாக ஆனதற்குக் காரணம் மேலே தெரியும் அலை அல்ல. அந்தமான் கடலின் ஆழத்தில், வெதுநீருக்கும் குளிர்நீருக்கும் இடையே, மேற்பரப்பில் அதிகம் தெரியாமல் பேரலைகள் எழுந்து நகர்கின்றன. அவை தீவுகளின் மேற்கு முகத்தில் வந்து மோதும்போது அடியாழக் குளிர்நீர் குபுக்கென்று மேலே ஏறும். தொடர்ந்து குளிர்ந்தால் கடினப் பவளம் திட்டுக்கட்டி வளர முடியாது. மென்பவளத்துக்கும் கடல் விசிறிக்குமோ அந்த நீரில் வரும் சத்து விருந்து. 'யானைத்தலைப் பாறை' என்று சொல்லும் இடத்தில் எனக்கு அது நேர்ந்தது. கண்ணாடிபோல் இருந்த நீர் திடீரெனப் பச்சையாக மங்கியது, பிடரியில் ஐஸ் நீரை ஊற்றியதுபோல் இருந்தது, இரண்டு நிமிடத்தில் மறுபடி தெளிந்தது. எதிரே இருந்த வழிகாட்டி இரு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நடுங்குவதுபோல் நடித்துக் காட்டினார். 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தபோது, இந்தக் குளிர்க்குளியல் கிடைத்த மேற்குப் பக்கம் அவ்வளவாக அடிபடாமல் தப்பியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

பெரிய உயிரினங்கள் வேண்டுமானால் ஒன்பது தீவுகளோடு நிற்கக் கூடாது என்பது என் கருத்து. போன் தீவின் முனையில் மான்டா வரும். இன்னும் வடக்கே, சுரின் தீவுகள் தேசியப் பூங்காவில் ரிஷெலியூ பாறை இருக்கிறது. திமிங்கலச் சுறாவுக்காக உலகமே காத்துக் கிடப்பது அங்கேதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாய்ப்பு அதிகம் என்பார்கள். இரண்டு முறை போன எனக்கு அது கண்ணில் படவில்லை. பாறையை மூடி நெளியும் சிவப்பு மென்பவளத்தையும், அதைச் சுற்றிச் சுழலும் சீலா மீன் கூட்டத்தையும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தை மறந்துவிட்டேன்.

போகும் வழி எளிது. ஃபுக்கெட்டுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து கவ் லாக்குக்குச் சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு தாப் லாமு படகுத்துறையிலிருந்து விரைவுப் படகு. அந்த ஒன்றரை மணி நேர விரைவுப் படகை நினைத்தாலே மாப்பிள்ளைக்கு வயிறு புரளும். 2018 முதல் தீவுகளில் இரவு தங்க அனுமதி இல்லை; நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் அப்போது வந்தது. ஆகவே ஒன்று, பகலில் போய்ப் பகலில் திரும்ப வேண்டும். அல்லது நான்கைந்து நாள் படகிலேயே தங்கி முக்குளிக்க வேண்டும். பகல் பயணத்தில் எட்டாம் தீவுக் கரையில் வரிசை கட்டி நிற்கும் படகுகளைப் பார்த்தால் தைப்பூசத்தன்று தேங் ரோட்டில் நிற்பதுபோல் இருக்கும். தங்கும் படகோ, முக்குளிப்பவருக்குச் சொர்க்கம், சும்மா வந்தவருக்குச் சிறைவாசம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பவளத்துக்குக் கேடான நான்கு வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புக் களிம்புகளைத் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடைசெய்திருக்கிறார்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் குழாயின் பின்புறத்தைப் படித்துவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பலமுறை முக்குளித்தபின் விமானம் ஏறுவதற்கு 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது விதி. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற வேண்டுமே. விமானப் பயணத்தில் ஒரு நாள் இப்படிக் கரையில் கழியும். அந்த நாளை நான் தக்குவா பாவில் கழித்தேன். கவ் லாக்கிலிருந்து வடக்கே போனால் வரும் பழைய ஊர். 9ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு குளம் வெட்டி, அதற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதாகத் தமிழில் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். கல் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஊர்க் கடைத்தெருவில் காப்பி குடித்தபடி, நமக்கு முன்னால் இந்தக் கடலைக் கடந்தவர்கள் குளம் வெட்டுகிற அளவுக்குத் தங்கியிருக்கிறார்கள், நான் நான்கு நாள் விடுப்புக்கு மேலாளரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில், 2004 சுனாமி உள்நாட்டுக்குத் தூக்கி வந்து போட்ட காவல் படகு 813 நிற்பதைப் பார்க்கலாம். நாகப்பட்டினத்தில் உறவினர் உள்ளவர்களுக்கு அந்தப் படகைக் கடப்பது கடினம்.

சிப்பாடானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது இவளுக்கு இப்போது இல்லை என்பதால். சபாவின் கிழக்கே செம்பூர்ணாவிலிருந்து போக வேண்டிய தீவு. ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு தூண்போல் எழுந்து நிற்கிறது. கரையிலிருந்து சில எட்டு வைத்தால் காலடியில் நீலம் மட்டும்தான். பேராமைகள் இங்கே தெருநாய்போல் சகஜம், அழுங்காமையும் உண்டு. சீலா மீன்கள் ஆயிரக்கணக்கில் சுழலாகச் சுழலும். முட்டுத்தலைக் கிளிமீன்கள் காலையில் மந்தையாகப் பவளத்தைக் கடித்து நொறுக்கிக்கொண்டு போகும் சத்தம் நீருக்குள் கேட்கும். 2000இல் ஆயுதக் கும்பல் ஒன்று 21 பேரை இங்கிருந்து கடத்திச் சென்றது. 2002இல் அனைத்துலக நீதிமன்றம் தீவு மலேசியாவுக்கே என்று தீர்ப்பளித்தது. 2004 முடிவுக்குள் தங்குவிடுதிகள் அனைத்தையும் தீவிலிருந்து அகற்றினார்கள். இப்போது மாபுல் போன்ற பக்கத்துத் தீவுகளில் தங்கி, அன்றன்றைக்கு எண்ணிக் கொடுக்கும் பர்மிட்டில் போய்வர வேண்டும்.

அந்தப் பர்மிட்டில்தான் நான் ஏமாந்தேன். ஒரு முகவர் 'சிப்பாடான் தொகுப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார். நான்கு இரவு, கைநிறையப் பணம். போய் இறங்கிய பிறகுதான் என் பெயருக்குப் பர்மிட் ஒரு நாளுக்கு மட்டுமே என்று தெரிந்தது. மற்ற மூன்று நாளும் மாபுல் சேற்றுமணலில் இறால் தேடினேன். அதுவும் சுவைதான், ஆனால் அதற்கு ஹந்து போதுமே. போக நினைப்பவர்கள், எந்தத் தேதிக்கு யார் பெயரில் பர்மிட் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். ஆழமும் ஓட்டமும் உள்ள இடம். ஆறு முக்குளிப்போடு போனால் சீலா மீனைப் பார்ப்பதா, ஆழமானியைப் பார்ப்பதா என்ற தவிப்பிலேயே காற்று தீர்ந்துவிடும். ஐம்பது ஆகட்டும்.

மிஞ்சுவது மலேசியாவின் கிழக்குக் கரையோரத் தீவான தியோமான். இதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது தொலைபேசியிலேயே தெரிந்தது. "எல்லோரும் போகிற இடம் மாமா அது." எல்லோரும் போவதற்குக் காரணம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் கடற்பாலத்தைக் கடந்து விடியும் முன் மெர்சிங் படகுத்துறை. ஆற்றுமுகம் ஆழமில்லாதது, அதனால் படகு நேரத்தை முடிவுசெய்வது கடிகாரம் அல்ல, கடலின் ஏற்றவற்றம். ஒரு நாள் காலை ஏழுக்கு, ஒரு நாள் நண்பகலுக்கு. முதலில் படகு அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பிறகு பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்து, மெர்சிங் கடையொன்றில் மூன்று ரொட்டி சானாயும் நான்கு தேநீரும் குடித்து நேரத்தைக் கொன்றிருக்கிறேன். படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மாப்பிள்ளை மாத்திரை போட்டுக்கொண்டு பின்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் சமாளித்துவிடுவார். விமானமே இல்லை என்பதால் 18 மணி நேர விதியும் இல்லை: கடைசி நாள் காலையிலும் ஒரு முக்குளிப்பு போட்டுவிட்டு, ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு படகேறலாம். மூன்று நாள் பயணத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

தீவைச் சுற்றியுள்ள கடல் 1994 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. நல்ல இடங்கள் பலவும் கிராமத்திலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் இருக்கின்றன. ரெங்கிஸ் என்ற குட்டித்தீவைச் சுற்றி ஆழம் குறைவு. துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் அங்கே சுற்றித் திரியும். ஆளைக் கண்டால் அவைதான் விலகிப் போகும். கீழே இவள், மேலே மாப்பிள்ளை, இருவரும் ஒரே சுறாவைப் பார்க்கலாம். நான்கு கடல்களிலும் இந்தத் தம்பதிக்கு இப்படிப் பொருந்துகிற இடம் இது ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் தள்ளி செபே தீவு. பெரும் பாறைகள் சரிந்து கிடக்க, இடையிடையே நுழைந்து வெளிவரும் சந்துகள். இடுக்குகளில் அஞ்சாலை மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். சிமிலானின் மேற்கு முகத்தைச் சின்னதாக வரைந்து பார்த்ததுபோல் இருக்கும். அவளுடைய அட்டை 18 மீட்டர் வரை அனுமதிக்கிறது. அதற்குள் பார்க்க அங்கே நிறைய உண்டு.

குறையும் சொல்கிறேன். ஜூனில் கூட்டம். மிதப்புச் சட்டை போட்ட பயணிகள் ஏறி நின்று மிதித்த பவளங்களைப் பார்த்தால் வயிறு எரியும். மணல் ஈ கடித்தால் இரண்டு வாரம் சொறிய வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கரையில் உட்காருவது என் பாட்டி வைத்தியம். சைவம் சாப்பிடுபவர்கள் நெத்திலி இல்லாத நாசி லெமாக்கைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். நீர்த்தெளிவில் சிமிலானுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

இன்னும் வடக்கே ரெடாங்கும் பெர்ஹெந்தியானும் இருக்கின்றனவே என்று கேட்டாள். நல்ல தீவுகள்தாம், ஆனால் திரங்கானு வரை போய்வரும் நேரத்தில் தியோமானில் இன்னும் இரண்டு முக்குளிப்பு கிடைக்கும்.

ஆகவே அவளிடம் இப்படிச் சொன்னேன். ஜூன் இரண்டாம் வாரம் தியோமான், நான்கு நாள். செப்டம்பர் வாரத்தில் விருப்பமிருந்தால் இன்னொரு முறை. இடையிடையே ஹந்து. இருபது முக்குளிப்பு ஆனதும், அடுத்த மார்ச்சில் சிமிலான். அப்போது படகில் தங்குவது அவளும் நானும் மட்டும். மாப்பிள்ளை கவ் லாக் கரையில் கால்நீட்டிப் படுத்திருக்கட்டும், அவருக்கும் அதுதான் விருப்பம்.

"ஹந்து எதற்கு மாமா? ஒன்றும் தெரியாது என்று நீங்களே சொல்கிறீர்கள்."

ஒன்றும் தெரியாத நீரில், பாறையைத் தொடாமல், சேற்றைக் கிளப்பாமல், ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கக் கற்றுக்கொண்டால் தியோமானில் யார் பவளத்தையும் அவள் உதைக்க மாட்டாள். வரும் சனிக்கிழமை ஏற்றவற்றம் சாதகமாக இருக்கிறது. இரண்டு பேருக்கு இடம் சொல்லிவிட்டேன், படகு காலை எட்டரைக்கு. மாஸ்க்கை மட்டும் அவளே கொண்டுவர வேண்டும். என்னுடையது மீசைக்கு ஏற்ப வளைந்துவிட்டது.